பாப்பா எங்கே என்று என்னிடம் கேட்டார்

மலைக்குப் போகலாம் என்ற யோசனை என் கொழுந்தனுடையது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, வேளச்சேரியில் அவர்களுடைய ஃபிளாட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். அவருடைய இரண்டு பையன்களும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு சோஃபாவில் கிடந்தார்கள். என் மகள் பால்கனியில் நின்று, கீழே யாரோ நாயைக் குளிப்பாட்டுவதை வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுங்க எல்லாம் மண்ணையே மிதிச்சதில்லண்ணா," என்றார் கொழுந்தன். "டென்ட் போட்டுத் தங்கணும். காலைல எழுந்து மலை ஏறணும். நாமளும்தான் ஆபீஸ், வீடுன்னு உளுத்துப் போயிட்டோம்."

அவர் உளுத்துப்போகவில்லை. தினமும் ஓடுகிறவர், சனிக்கிழமைகளில் மாமல்லபுரம் வரை சைக்கிள் மிதிக்கிறவர். யாரைச் சொல்கிறார் என்று மேசையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. என் கணவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "போலாம்டா, அதுக்கென்ன இப்ப?" என்றார்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கேரம் போர்டில் கூட ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். ஆனால் கேரமில் தோற்றால் காய்கள்தான் கலையும்.

பயிற்சி என்று சொல்லி என் கணவர் எங்களைப் பரங்கிமலைக்கு அழைத்துப் போனார். மயிலாப்பூரில் இருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மலை என்றாலே அதுதான். தவக்காலத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டு ஏறுகிற படிக்கட்டு. வழியெங்கும் சிலுவைப் பாதையின் நிலைகள் இருக்கும். என் மகள் ஒவ்வொரு நிலையிலும் நின்றாள். அதில் இருந்த உருவங்களைப் பார்த்தாள், கீழே எழுதியிருந்ததை வாசித்தாள், ஒரு போர்வீரனுடைய மூக்கு உடைந்திருப்பதை எனக்குக் காட்டினாள். மேலே போய்விட்ட அவள் அப்பா அங்கிருந்து கத்தினார்.

"அங்க என்ன மியூசியமா நடக்குது? ஏறு சீக்கிரம்!"

என் மகள் மெதுவானவள். சாப்பிடுவது, சடை பின்னிக்கொள்வது, கணக்குப் போடுவது எல்லாமே நிதானம். அப்போது ஆறாம் வகுப்பு படித்தாள். அவளுக்கு நோயும் இல்லை, அவள் சோம்பேறியும் இல்லை. நான் பள்ளிக்கூட ஆசிரியை. இப்படிப்பட்ட பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களை விரட்டினால் தடுமாறுவார்கள், விட்டுவிட்டால் எல்லோரையும் விட நன்றாகச் செய்வார்கள். இதை நான் அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார்.

பாண்டி பஜாரில் அவர் தனக்கு மலையேறுகிற ஷூ வாங்கினார். கடைக்காரப் பையன் அடிப்பாகத்தை வளைத்து வளைத்துக் காட்டினான். அதே கடையில் பாப்பாவுக்கும் ஒன்று பார்க்கலாம் என்றேன். "வளர்ற கால்மா. ஒரு வாட்டி போறதுக்கு எதுக்கு? ஸ்கூல் ஷூவே போதும்," என்றார். நானும் சரி என்று அவர் ஷூவை மட்டும் பையில் வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது அந்தக் கடையைக் கடந்து போகும்போதெல்லாம் உள்ளே போய் யாரையாவது திட்ட வேண்டும் போலிருக்கிறது.

மலையின் பெயரை எழுதப் போவதில்லை. மலை எங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆந்திர எல்லைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை வந்த ஒரு வாரக் கடைசியில் இரண்டு கார்களில் கிளம்பினோம். அடிவாரத்தில் ஒரு ஓடைக்குப் பக்கத்தில் கூடாரம் போட இடம் இருந்தது. கொழுந்தன் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்துக் கொண்டுவந்திருந்தார். வழிகாட்டி யாரும் தேவையில்லை, பாதை முழுக்கத் தன் போனில் இருக்கிறது என்றார்.

அந்தச் சாயங்காலம் நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். என் கணவரும் மகளும் சேர்ந்து எங்கள் கூடாரத்தைக் கட்டினார்கள். அவள் இரும்பு முளையைப் பிடித்துக்கொள்ள, அவர் கல்லால் அடித்தார். "கைய எடுக்காத, அப்பா அடிக்க மாட்டேன், நம்பு," என்று சொல்லிச் சொல்லி அடித்தார். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையை மட்டும் எடுக்காமல் பிடித்திருந்தாள். எல்லா முளைகளும் இறங்கிய பிறகு ஓடி வந்து என்னிடம் சொன்னாள்: "நாளைக்கு நான் அப்பாகூடதான் ஏறுவேன்."

மறுநாள் காலையில் ஏறத் தொடங்கினோம். கொழுந்தனும் பையன்களும் முன்னால் போய்விட்டார்கள். நடுவில் என் கணவரும் பாப்பாவும். பின்னால் நானும் கொழுந்தன் மனைவியான என் ஓரகத்தியும். பாதை முதலில் புதருக்கு நடுவே போனது, பிறகு வெறும் பாறை. பாதி தூரம் போவதற்குள் ஓரகத்திக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தரையில் உட்கார்ந்து அழுதே விட்டாள்.

"நான் இறங்கறேன்க்கா. நீங்க போங்க," என்றாள்.

அவளைத் தனியாக எப்படி அனுப்புவது? நான் மேலே பார்த்துக் கூப்பிட்டேன். என் கணவர் நின்றார்.

"நான் இவகூட கீழ போறேன். பாப்பாவையும் கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

"நான் வரல," என்றாள் பாப்பா. "நான் அப்பாகூட போறேன்."

"அப்ப அவ வேகத்துக்கே போங்க," என்றேன். "தம்பி போறான்னு நீங்களும் ஓடாதீங்க."

"ஏன், எனக்குத் தெரியாதா? அவ எனக்கும் பொண்ணுதான்," என்றார்.

நாங்கள் மெல்ல இறங்கி வந்தோம். ஓரகத்தியின் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். இரண்டு பேருமாகத் தக்காளிச் சாதம் செய்தோம். வெயில் ஏறியது. மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை. ஆனால் கூடாரங்களுக்குப் பின்னால், நாங்கள் ஏறாத பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் பையன்கள் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். அடுத்து கொழுந்தன். கடைசியாக, முகமெல்லாம் சிவந்து, என் கணவர்.

தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பாதியைக் குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார். "என்னா வியூ! நீ மிஸ் பண்ணிட்ட. உச்சி வரைக்கும் ஏறிட்டேன், தெரியுமா?" என்றார். பிறகு நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, சாதாரணமாக, சாவி எங்கே என்று கேட்பதைப் போல என்னிடம் கேட்டார்.

"பாப்பா எங்க?"

எனக்கு அந்தக் கேள்வி முதலில் புரியவில்லை.

"உங்ககூடதானே வந்தா?"

"இல்ல, அவளால முடியல. ஒரு பாறை நிழல்ல உக்கார வெச்சுட்டுத்தான் மேல போனேன். இங்க வரலையா?"

"திரும்பி வரும்போது கூட்டிட்டு வரலையா?"

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி சொன்னார்: "அண்ணி, இறங்கறதுக்கு இந்தப் பக்கம் சுருக்கு வழி இருந்துச்சு. பாப்பா கீழ உங்ககிட்ட வந்துருப்பான்னு அண்ணன்தான் சொன்னாரு."

"வந்துருப்பான்னு யார் சொன்னா? அவகிட்ட கீழ போன்னு சொன்னீங்களா?"

என் கணவர் காலி பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"இங்கயே இரு, அப்பா வந்துடறேன்னு சொன்னேன்."

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. ஓடினேன். கொழுந்தன், ஒருவேளை அவள் இவர்கள் பின்னாலேயே வந்திருந்தால் என்று, இறங்கிய வழியிலேயே தேடப் போனார். என் கணவர் என் பின்னால் வந்தார். அவரால் ஓட முடியவில்லை.

"எந்தப் பாறை?" என்று கேட்டேன்.

"பெரிய பாறை."

"எங்க?"

"எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு, எப்படிச் சொல்றது?"

என் வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை. வகுப்பில் கூட ஸ்கேலைக் கையில் எடுத்ததில்லை. அந்த நேரத்தில் கையில் கிடைத்த கல்லை எடுத்து அவர் மேல் எறிந்திருப்பேன். அதற்கு நிற்க வேண்டும், நிற்க நேரமில்லை என்பதால் எறியவில்லை. கொஞ்ச தூரத்தில் அவர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். "நீ போ, நான் வந்துடறேன்," என்றார். மகளுக்குச் சொன்ன அதே வார்த்தை.

நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினேன். செருப்பு ஒன்று அறுந்தது, இரண்டையும் கழற்றிப் போட்டேன். பாறை கொதித்தது. என்னென்னவோ நினைத்தேன். அவற்றை இங்கே எழுத மாட்டேன். பெண் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரிந்தவைதான்.

ஒரு திருப்பத்தைத் தாண்டியதும் அவளுடைய நீலத் தொப்பி தெரிந்தது. ஒரு பாறையில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிழல் எப்போதோ நகர்ந்து அடுத்த பக்கம் போயிருந்தது. அவள் நகரவில்லை. முகம் வெந்து போயிருந்தது. அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை.

"அப்பா வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். குரல் கரகரத்தது.

"கீழ இருக்காரு. ஏன்டி கண்ணு வெயில்ல உக்காந்திருக்க? அந்தப் பக்கம் நிழல் இருக்குல்ல?"

"இந்த எடத்தை விட்டு அசையக் கூடாதுன்னு சொன்னாங்க. நான் அந்தப் பக்கம் போனா அப்பாவுக்குத் தெரியாம போயிடும்."

பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனதாம். தண்ணீர் எப்போதோ தீர்ந்திருந்தது. நான் அவளைத் தூக்கி நிறுத்தியபோதுதான் பார்த்தேன், பேன்ட் நனைந்து காய்ந்திருந்தது. ஒதுங்கப் போனால் அந்த நேரம் பார்த்து அப்பா வந்துவிடுவாரோ என்று உட்கார்ந்த இடத்திலேயே போயிருக்கிறாள். என் துப்பட்டாவை அவள் இடுப்பில் சுற்றிக் கட்டினேன்.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா," என்றாள்.

நான் சொல்லவில்லை. இப்போது எழுதுவதும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான். "எழுது, அசிங்கம் எனக்கு இல்ல," என்று சொன்னாள்.

இறங்கும்போது பாதி வழியில் அவள் அப்பா எதிரே வந்தார். அவளைக் கண்டதும் முகம் தெளிந்தது. "அப்பாடா," என்றார். அடுத்து என்னைப் பார்த்து, "பாத்தியா, ஒண்ணும் ஆகலையே! அதுக்குள்ள என்ன ஆட்டம் ஆடின!" என்றார். பாப்பாவின் கன்னத்தைத் தட்டி, "பயந்துட்டியா? தைரியசாலிப் பொண்ணாச்சே நீ," என்றார்.

ஒண்ணும் ஆகலையே. இந்த இரண்டு வார்த்தையை அதற்குப் பிறகு எத்தனை பேர் வாயில் கேட்டுவிட்டேன்! ஒன்றும் ஆகவில்லை என்றால் என்ன அர்த்தம்? ரத்தம் வரவில்லை, எலும்பு முறியவில்லை, போலீஸ் வரவில்லை. இவர்கள் அகராதியில் ஒன்று ஆக வேண்டுமானால் பிணமாகத்தான் கொண்டுவர வேண்டும் போலிருக்கிறது.

கீழே வந்ததும், இப்போதே ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்றேன். கொழுந்தன் தயங்கினார். "அண்ணி, நாளைக்குக் காலைலதானே பிளான்? சிக்கன் எல்லாம் மசாலா தடவி வெச்சாச்சு." என் கணவர் ஷூவைக் கழற்றிக் காலைப் பிசைந்துகொண்டு, "இந்தக் காலோட என்னால கார் ஓட்ட முடியாது," என்றார். எனக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. பஸ் எங்கே வரும் என்பதும் தெரியாது. உச்சிக்கு ஏறி இறங்கிய காலுக்கு வீட்டுக்குப் போக முடியவில்லை, அதனால் என் பிள்ளையும் நானும் அங்கேயே கிடக்க வேண்டும். அவளுக்கு உடை மாற்றிவிட்டு, காரில் பின் சீட்டில் இரண்டு பேரும் படுத்துக்கொண்டோம். வெளியே சிக்கன் வாட்டி, பாட்டுப் போட்டு, சாப்பிட்டார்கள். ஓரகத்தி மட்டும் ஒரு தட்டில் கொண்டுவந்து கண்ணாடியைத் தட்டினாள். பாப்பா தூங்கிவிட்டாள் என்று கையைக் காட்டினேன். அவள் தூங்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் இறங்கியபோது வாட்ச்மேன்தான் முதலில் கேட்டார். "இன்னாமா, பாப்பா மூஞ்சி இப்டிக் கீது? ஒடம்பு சரியில்லியா?" அந்த இரண்டு நாளில் என் மகளுக்கு என்ன என்று கேட்ட முதல் ஆள் அவர்.

மாலைக்குள் உச்சியில் எடுத்த படம் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் வந்தது. என் கணவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் தம்பி, தம்பியின் பிள்ளைகள். சொந்தக்காரர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். என் பிள்ளை எங்கே என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. நான் குழுவிலேயே எழுதினேன்: "இந்த போட்டோ எடுக்கும்போது எங்க பொண்ணு கீழ ஒரு பாறையில தனியா உக்காந்திருந்தா." அப்புறம் யாரோ ஒரு பிறந்தநாள் வாழ்த்தைப் போட்டு மூடினார்கள்.

அடையாறில் இருக்கும் என் நாத்தனார் போன் செய்தார்.

"நீ ஏன் பாதியில இறங்கின? பொம்பளப் புள்ளைய அம்மா இல்லாம அனுப்பலாமா?"

"அப்பாகூடதானே அனுப்பினேன்?"

"ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

"பேங்க்ல ஒரு கிளையையே பாத்துக்கறாரு. பெத்த பொண்ணு ஒருத்திய ஞாபகம் வெச்சுக்கத் தெரியாதா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டேன். அவர் என்னைவிட வயதில் மூத்தவர். அதுவரை அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை.

பாப்பாவிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று என் கணவரிடம் சொன்னேன். "பெத்த பொண்ணுகிட்ட என்ன சாரி? அவளே மறந்துட்டா, நீதான் பிடிச்சுக்கிட்டுத் தொங்கற," என்றார். அந்த வாரமே அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்தார். அவள் "தேங்க்ஸ்ப்பா" என்றாள். ஓட்டினாள் கூட.

ஆனால் அவள் மறக்கவில்லை. ஒரு நாள் தி. நகரில் துணிக்கடைக்குப் போயிருந்தோம். கடை வாசலில் எங்களை இறக்கிவிட்டு, "நீங்க இங்கயே நில்லுங்க, நான் காரை விட்டுட்டு வந்துடறேன்," என்றார். நான் பக்கத்தில் நிற்கிறேன், சுற்றிலும் கூட்டம், இருந்தும் அவள் திரும்பவும் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். "என்னம்மா?" என்று கேட்டார். "நானும் வரேன்," என்று மட்டும் சொன்னாள். பள்ளி விட்டதும் அவர் கூப்பிட வருவதாக இருந்தால், அவள் வாசலில் காத்திருக்க மாட்டாள். தானே நடந்து வந்துவிடுவாள். அவர் அதற்கும், "சுதந்திரமா வளர்றா," என்று பெருமைப்பட்டார்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் வேளச்சேரியில் கூடினோம். வீடு கொள்ளாத சொந்தம். பிரியாணி பரிமாறியாகிவிட்டது. என் கொழுந்தன் நன்றாகப் பேசுவார், அவர் பேசினால் எல்லோரும் கேட்பார்கள். அன்றைக்கு மலைக் கதையை எடுத்தார். அண்ணன் ஏறிய ஏற்றம், வழுக்கியது, உச்சியில் போட்ட சத்தம். "இதுல ஹைலைட் என்னன்னா, அண்ணன் பாப்பாவை மலையிலயே பார்க் பண்ணிட்டு வந்துட்டாரு! கீழ வந்து அண்ணிகிட்டயே கேக்கறாரு, பாப்பா எங்கன்னு!"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். கண்ணில் நீர் வர.

என் மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"அண்ணி, விளையாட்டுக்கு..."

"விளையாட்டுன்னா அவகிட்ட கேளுங்க. வெயில்ல, தண்ணி இல்லாம, சொன்ன எடத்தை விட்டு அசையாம உக்காந்திருந்தது அவதான். உங்க அண்ணனுக்கு எந்த டிரெய்னைப் பிடிக்கணும்னு அவசரம்? நீங்க முன்னாடி போயிட்டீங்க, அது பொறுக்கல. அவ்வளவுதான். மறதின்னு யாரும் சொல்லாதீங்க. மறக்கல. பொண்ணா, தம்பியோட போட்டியான்னு பாத்தாரு, போட்டின்னு முடிவு பண்ணாரு."

"இன்னைக்கு நல்ல நாள்ல..." என்று நாத்தனார் ஆரம்பித்தார்.

அப்போது பாப்பா பேசினாள். தலையைத் தூக்காமல் பேசினாள்.

"நான் கூப்பிட்டேன். நீங்க எல்லாரும் அந்தப் பக்கமா சிரிச்சுக்கிட்டே இறங்கிப் போனீங்க. உங்க சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அப்பா அப்பான்னு ரொம்ப நேரம் கூப்பிட்டேன்."

இதை அவள் என்னிடம் கூடச் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு அவள் குரல் ஏன் கரகரத்தது என்று எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. வெயிலால் என்று நினைத்திருந்தேன்.

கொழுந்தனின் சின்ன மகன் வாயில் சோற்றோடு நிமிர்ந்தான். "ஆமா, ஒரு சத்தம் கேட்டுச்சே! நான் நின்னேனே. பெரியப்பாதான் மயில் கத்துது, வாடான்னு சொன்னாங்க."

என் கொழுந்தன் அண்ணனைப் பார்த்தார். அவருக்கும் அது இப்போதுதான் நினைவு வந்தது என்று முகத்தில் தெரிந்தது. என் கணவர் எழுந்து கை கழுவப் போனார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெகு நேரம் அவர் திரும்பி வரவில்லை.

நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "சாவி குடுங்க," என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். மலையிலிருந்து வந்த அடுத்த வாரமே மந்தைவெளியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருந்தேன், லைசென்ஸும் வாங்கிவிட்டேன். ஆனால் அவர் ஓட்ட விட்டதில்லை. அன்றைக்கு ஈரக் கையோடு சாவியை எடுத்துக் கொடுத்தார். நான் ஓட்டினேன். அவர் பின்னால் பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். விஜயநகர் சிக்னலில் வண்டி இரண்டு தடவை அணைந்துபோனது, பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

அடையாறு பாலத்தில் ஏறும்போது பேசினார்.

"அப்பா தப்பு பண்ணிட்டேன்மா. பெரிய தப்பு."

"ம்," என்றாள் பாப்பா.

"அப்பா மேல கோவமா?"

"தெரியலப்பா. உங்களுக்கு அது நெஜமாவே மயில் மாதிரி கேட்டுச்சா?"

நான் கண்ணாடியில் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டினப்பாக்கம் வந்தது. பிறகு சொன்னார்.

"மயில்னு நெனச்சுக்கிட்டேன்."

நினைத்தேன் என்று சொல்லவில்லை. நினைத்துக்கொண்டேன் என்றார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காக அவரை இன்னும் மரியாதையாக 'அவர்' என்று சொல்கிறேன். ஆனால் அந்தச் சொல்லை நான் இரவும் பகலும் மென்றுகொண்டிருக்கிறேன். திரும்பி ஏற வேண்டும், கால் வலிக்கிறது, தம்பி பார்க்கிறான், பையன்கள் முன்னால் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு குழந்தையின் குரலை மயிலாக்கிக்கொள்வது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது!

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. உச்சியில் எடுத்த படத்தை அவரே அழித்துவிட்டார். சொந்தத்தில் யாரும் இப்போது அந்தக் கதையைச் சிரித்துச் சொல்வதில்லை. என்னைப் பற்றித்தான் சொல்கிறார்கள். அவளுக்குக் கோபம் அதிகம், மனதில் வைத்துக்கொள்கிறவள், பண்டிகை நாளில் மனுஷனை அவமானப்படுத்தியவள் என்று. ஓரகத்தி இதையெல்லாம் என்னிடம் வந்து சொல்வாள். சொல்லட்டும். கோபம் அதிகம்தான். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் ஒருவருக்காவது அதில் கால்வாசி வந்திருந்தால், நான் இவ்வளவு சுமக்க வேண்டியிருந்திருக்காது.

அவர் மாறியிருக்கிறார். சாயங்காலம் பூசைக்கு நடந்து போகும்போது பாப்பாவுக்குப் பின்னாலேயே நடப்பார். அவள் நடைபாதையில் எதையாவது பார்த்துக்கொண்டு நின்றால் அவரும் நிற்பார். வா என்று சொல்ல மாட்டார். நல்லது. செய்யட்டும். அதைப் பார்த்து என் மனம் இளகிவிட்டது என்று எழுத ஆசைதான், எழுதினால் பொய்யாகிவிடும்.

போன மாதம் கொழுந்தன் மறுபடியும் ஒரு மலையைப் பற்றிப் பேச்செடுத்தார். இந்த முறை எல்லோரும் ஒன்றாகவே ஏறுவோம் அண்ணி, நான் கடைசியில் வருகிறேன் என்றார். அவர் மனதார அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார், நான் என் மகள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். எப்போதும் போல நிதானமாகத்தான்.

"அம்மாகூட வேணா போறேன்," என்றாள். "அப்பா வீட்டுல இருக்கட்டும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஒரு வார்த்தையும் சொல்லித் தேற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாண்டி பஜாருக்குப் போய் அவளுக்கும் எனக்கும் ஷூ வாங்கிக்கொண்டு வந்தோம்.